வெள்ளி அருவிக்கு அரை நொடி போதும்

கேள்வி: தனுஷ்கோடியில் 1000 மடங்கு என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு, ஷட்டரை 30 நொடி திறந்துவைத்து எடுத்த கடல் படங்கள் அழகாக வந்தன. அதே முறையில் கொடைக்கானல் வெள்ளி அருவியை எடுத்தால், வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு நேரத்தில்தான். கடலலை வருவதும் போவதுமாக இருப்பதால், 30 நொடியில் ஒரே இடத்தில் நுரையும் கருநீரும் மாறிமாறிப் பதிந்து, படத்தில் மூடுபனிபோல் படர்கின்றன. அருவியோ அதே பாறை விளிம்பிலிருந்து அதே தடத்தில் இடைவிடாமல் விழுகிறது. ஓரிரு நொடி கடந்ததுமே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நீரின் உருவம் அழிந்து, வெண்மை மட்டும் மிஞ்சுகிறது. இழைகள் பிரிந்து தெரிய, கால் நொடி முதல் அரை நொடி வரை போதும்.

மேகம் மூடிய காலையில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு) வைத்து, கேமராவின் ஒளி மீட்டர் 1/15 நொடி காட்டுகிறது என்று கொள்வோம். 8 மடங்கு ஃபில்டர் போட்டால் அரை நொடி கிடைத்துவிடும். உங்கள் 1000 மடங்கு ஃபில்டரோ ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்கும். அது கடற்கரைக்கே இருக்கட்டும். ஃபில்டர் இல்லையென்று துளையை எஃப் 22 வரை சுருக்குவதை நான் விரும்புவதில்லை. பாறையின் கூர்மை மழுங்கிவிடும்.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரப்பாறை கருமையாக இருப்பதால், கேமரா காட்சி முழுவதையும் வெளிச்சமாக்க முயன்று நீரை வெளிறவிடுகிறது. எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலக்கோடியில் முட்டாதபடி பார்த்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்பிப் பாருங்கள்: பாறையின் பளபளப்பு அடங்கி, பாசியின் பச்சை மேலெழும், ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சமும் குறையும் என்பதால் சில வேளைகளில் என்.டி. ஃபில்டரே தேவைப்படாது.

அருவி மலைச்சாலையை ஒட்டியே விழுவதால், பேருந்து கடக்கும்போது முக்காலி அதிரக்கூடும். வண்டி போனபின் 2 நொடி டைமரில் எடுங்கள். சாரல் படிந்த கண்ணாடியை ஒவ்வொரு படத்துக்கும் முன் உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பையைத் திறந்துவைக்காதீர்கள்; அங்குள்ள குரங்குகள் லென்ஸ் மூடிக்கும் கடலைப் பொட்டலத்துக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை.

காற்றில் கரையோர இலைகள் அசைந்து கலங்கினால், ஃபில்டரைக் கழற்றி, ஐ.எஸ்.ஓ. 800, 1/125 நொடியில் இன்னொரு படம் எடுத்து, இலைகளை மட்டும் அதிலிருந்து பொருத்திக்கொள்ளலாம்.