ஓட்டப் பயிற்சியோடு வைட்டமின் மாத்திரை வேண்டாமே

நண்பரே, ஓடினால் ஃப்ரீ ராடிக்கல் (செல்களைத் தாக்கக்கூடிய, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) கூடுமே என்று பயந்து தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும், ஈ 400 யூனிட்டும் போடுவதாக எழுதியிருந்தீர்கள். டாக்டர் வேறு காரணத்துக்காகத் தரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்பேன். ஓடும்போது ஃப்ரீ ராடிக்கல் கூடுவது உண்மைதான். அந்தக் கூடுதலை உணர்ந்துதான் தசை செல்கள் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற தற்காப்பு நொதிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. 2009-இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ என்ற ஆய்வாளரின் குழு, நான்கு வாரம் பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு இதே அளவு மாத்திரை கொடுத்துப் பார்த்தது. மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, நொதிகளும் கூடின. போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை; ஃப்ரீ ராடிக்கல் தரும் அந்தத் தூண்டுதலை மாத்திரை அடக்கிவிடுகிறது.

நெல்லிக்காய், கொய்யா தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் தப்பில்லை. அப்புறம், தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். பழகாத உடம்பை ஒரேயடியாக வருத்தினால்தான் சிக்கல்.