அக்கி, ஃப்ளூ, அண்டாத் தண்ணீர்: சில கேள்விகள்

கே: ஆயாவுக்கு 78 வயது, இடுப்பில் அக்கி. வேளார் காவி குழைத்து எழுதிவிட்டார், எரிச்சல் குறையவில்லை. அக்கிக்கு ஊசி போட்டால் மறதி நோய் வராது என்கிறான் என் மகன். உண்மையா? (தேவகோட்டை)

ப: அக்கி எழுதுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஈரக் காவி பட்டால் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் மண்ணைப் பூசினால் சீழ் பிடிக்கலாம். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான் நரம்பின் வேரில் இத்தனை வருஷம் படுத்துக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. ஒரே நரம்பின் வழியாக வருவதால்தான் ஒரு பக்கமாக, பட்டை போட்ட மாதிரி நிற்கிறது. வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எழுதிவிட்டு நாலு நாள் கழித்து வருகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மகன் சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஆச்சி. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013-ல் அக்கி ஊசி போடத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்குத்தான் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் கிடையாது. வயது ஏறக்குறைய ஒன்று, ஊசி மட்டும் வேறு என்று இரண்டு கூட்டம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. ஏழு ஆண்டு பார்த்ததில், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025-ல் வந்த முடிவு இது. குறையும் என்பது வேறு, வராது என்பது வேறு, மகனிடம் சொல்லுங்கள். அது பழைய ஊசி. இப்போது நம் நாட்டில் 50 வயதுக்கு மேல் போடுவது வேறு வகை, 2 தவணை, விலை கையைக் கடிக்கும். ஆயாவுக்கு முதலில் புண் ஆறட்டும்.

கே: ஃப்ளூ வந்த நாலாம் நாள் அப்பச்சிக்கு நெஞ்சை அடைத்தது. வாயு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தோம், சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா? (கோட்டையூர்)

ப: விடக்கூடாது. இன்றைக்கே ஈசிஜி எடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 364 மாரடைப்புகளை அலசிய ஆய்வு 2018-ல் வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. காய்ச்சலின் அழற்சியில் ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவு வெடிக்கும், ரத்தமும் சட்டென்று உறையும். மறுபடி அடைத்தால் சுக்கைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கே: வைரஸ் காய்ச்சல் விட்டு இரண்டு நாள். பையன் கபடிக்குப் போகலாமா? (கண்டனூர்)

ப: அதற்குள் வேண்டாம். சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்க வைக்கும். மூச்சு வாங்கினாலோ படபடத்தாலோ உடனே கூட்டி வாருங்கள்.

கே: கல்யாணத்துக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறோம். முற்றத்து அண்டாவில் மழைத் தண்ணீர், கொட்டினால் போதுமா? (பள்ளத்தூர்)

ப: போதாது. டெங்குக் கொசுவின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்தாலும் சாகாது. தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம், கல்யாண வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும்; ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கட்டும்.