எட்டு மாதமாக அவர் பயந்துகொண்டிருக்கிறார்

கேள்வி: எனக்கு வயது 57. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. விறைப்புக் குறைபாடு மாத்திரைக்குக் கேட்காமல் போகவே, எட்டு மாதம் முன்பு உள்ளே நீர் ஏறி இறங்கும் செயற்கைக் கருவியை ஆபரேஷன் செய்து பொருத்திக்கொண்டேன். வீட்டில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன். கருவி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நுனி மட்டும் விறைக்காமல், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. வயாகரா வகை மாத்திரை போட்டால் சரியாகும் என்று நண்பர் தன்னிடம் மீதமிருந்ததைக் கொடுத்தார். போடலாமா? மனைவி வேறு, விதைப்பையில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறது, ஸ்கேன் எடுங்கள் என்று நச்சரிக்கிறாள். அதைச் சமாளித்துக்கொள்கிறேன். மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

பதில்: மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டேன். போகிற போக்கில் மனைவியைப் பற்றி எழுதினீர்களே, அதை முதலில் பேசுவோம்.

அவர் கையில் தட்டுப்படுவது கட்டி இல்லை, உங்கள் கருவிக்கு நீர் ஏற்றும் பம்ப். இது உங்களுக்குத் தெரியும், ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியும், உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கும் தெரிந்துவிட்டது. உங்களோடு ஒரே கட்டிலில் படுக்கிறவருக்குத் தெரியாது. புருஷனுக்குப் புற்றுநோயோ என்று அந்த அம்மா உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார். அதை நச்சரிப்பு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆண்கள் இந்த விஷயத்தை மனைவியிடம் மறைப்பது எனக்குப் புதிதில்லை. "கேவலமாக நினைப்பாள்" என்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைத் தூக்கி உட்காரவைத்துத் துணி மாற்றிவிட்டவர் யார்? அப்போது கேவலமாகப் பார்த்தாரா? கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு உடம்பில் தனிச் சொத்து கிடையாது என்று நினைக்கிறவள் நான். பழைய பஞ்சாங்கம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். வலி வந்தால் பார்க்க அவர் வேண்டும், விவரம் மட்டும் அவருக்கு வேண்டாமா?

அதுவும் எந்தப் பொய்யைப் பிடித்தீர்கள்! உங்கள் கருவிக்கு மூன்று பாகம். ஆண்குறிக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் நீர்ப்பை. இவற்றை இணைக்கும் குழாய்கள் பெரும்பாலும் தொடை இடுக்குப் பக்கமாகத்தான் போகும். அதாவது, ஹெர்னியாவுக்குக் கத்தி வைக்கிற அதே வட்டாரம். நாளைக்கு நினைவில்லாமல் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர் டாக்டர்" என்று அந்த அம்மா சத்தியம் செய்வார். உள்ளே நீர்ப்பை இருப்பது தெரியாமல் அந்த இடத்தைத் திறந்தால் கருவி பழுதாகலாம். சிறுநீர்க் குழாய் போடுவதானாலும் கருவியில் நீரை இறக்கிவிட்டுத்தான் போடவேண்டும். யார் போய்ச் சொல்வது?

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். சில்டெனாபில் (வயாகராவில் இருக்கும் மருந்து), டாடாலாஃபில் எல்லாம் விறைப்புத் திசுவுக்குள் ரத்தம் பாய வழிவிடுபவை. அந்தத் திசு இருந்த இடத்தை உங்களுக்குச் சிலிண்டர் பிடித்துக்கொண்டுவிட்டது. விறைப்பு வருவது நீரால். அதற்கு மாத்திரை தேவையே இல்லை. இந்த வகைக் கருவி 1973-லேயே வந்துவிட்டது, வயாகரா 1998-ல்தான்.

நுனியின் கதை வேறு. சிலிண்டர்கள் அதற்குள் போவதில்லை. அது தனித் திசு, ரத்தம் வந்தால்தான் பருக்கும். அதனால் கருவி வைத்தவர்கள் சிலருக்கு இதே மாத்திரையைக் குறைந்த அளவில் டாக்டர்களே எழுதிக் கொடுப்பதுண்டு. சிலருக்குப் பலன் தெரிகிறது. உங்கள் நண்பர் சொன்னது முழுக்கப் பிதற்றல் இல்லை. ஆனால் சிலிண்டரின் நீளம் போதாமல் நுனி தொய்ந்து நின்றாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதற்கு எத்தனை மாத்திரை விழுங்கினாலும் பயனில்லை, டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஒருவேளை நீங்கள் பம்பை முழுசாக அழுத்துவதே இல்லையோ என்னவோ. ஒளித்து ஒளித்துச் செய்கிற காரியம் அரைகுறையாகத்தான் இருக்கும். இன்னொன்று: மாத்திரை போதவில்லை என்று யாராவது ஆண்குறியில் போடும் ஊசியைச் சொன்னால் கிட்டேயே போகாதீர்கள். ஊசி சிலிண்டரைக் குத்திவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான்.

இருபது, முப்பது வயதுப் பையனுக்கு என்றால் இதோடு விட்டிருப்பேன். சர்க்கரையோடு 57 வயது என்றால் இதயத்தையும் கேட்கவேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையோ வேறெந்த நைட்ரேட் மருந்தோ எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாபில் போட்டால் 24 மணி நேரம், டாடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக்கூடாது. ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் சேர்க்கக்கூடாது. நண்பர் கொடுத்ததைப் போட்டுக்கொண்ட ராத்திரியில் நெஞ்சு அடைத்தால், "என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்கப்போவது உங்களை அல்ல, உங்கள் மனைவியை. பாவம், அவர் மறுபடியும் ஹெர்னியா என்பார்.

இன்றைக்கே சொல்லுங்கள். கோபப்படுவார், அழுவார், இரண்டு நாள் பேசமாட்டார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள், எட்டு மாதத்துக்கு அது கொஞ்சம்தான். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். நீரை ஏற்றுவதும் இறக்குவதும் எப்படி என்று அவருக்கும் டாக்டர் காட்டட்டும். நுனியைப் பற்றி அவர் எதிரிலேயே கேளுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் பெயருக்கு, உங்கள் இதயத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு பிரதி அவர் கைப்பையில் இருக்கட்டும்.

நண்பரின் மாத்திரையை நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் வீட்டம்மாவுக்கு இது தெரியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.