பழைய வண்டிக்கு டர்போ: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இந்த முறை எல்லாக் கடிதங்களும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: டர்போ இல்லாமல் வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வீட்டிலேயே டர்போ கிட் பூட்டுவது. (டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி.) கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: என் டீசல் வண்டி 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஏற்றத்தில் திணறுகிறது. டர்போ போட்டால் சரியாகிவிடுமா?

ப: ஏன் திணறுகிறது என்று தெரியாமல் டர்போ வாங்காதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், இன்ஜெக்டர் தேய்ந்திருந்தாலும், பம்ப் டைமிங் தவறியிருந்தாலும் வண்டி திணறத்தான் செய்யும். இதில் எதையும் டர்போ சரி செய்யாது.

முதலில் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் அழுத்தம், பாருங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பிறகு எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்றினால் உள்ளழுத்தம் இன்னும் கூடி, சீல்கள் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். ரேடியேட்டரையும் கிளட்சையும் பார்த்துவிடுங்கள். இப்போதே வழுக்கும் கிளட்ச், கூடுகிற இழுவையைத் தாங்காது.

கே: "சக்தி 50 சதவீதம் கூடும்" என்று விளம்பரம் சொல்கிறது. நம்பலாமா?

ப: எவ்வளவு பூஸ்டில், எக்ஸாஸ்ட் எத்தனை டிகிரி இருந்தபோது அளந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கே: "முழுமையான கிட், ஸ்பேனர் செட் இருந்தால் போதும்" என்றார்கள். பெட்டியில் டர்போ, மேனிஃபோல்டு (எல்லாச் சிலிண்டரின் எக்ஸாஸ்டையும் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் பாகம்), இரண்டு சிலிக்கான் ஹோஸ் மட்டும்தான் இருந்தன. ஆயில் லைனும் இல்லை, கேஸ்கெட்டும் இல்லை. மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறது. "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

ப: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பிரிக்காமல் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரால் பார்க்க முடியும்? பிரிப்பது வேறு, வண்டியில் பூட்டுவது வேறு. இதை அப்படியே விற்றவருக்கு எழுதி அனுப்புங்கள். விளம்பரத்தின் படம், ரசீது, வந்த பாகங்களைத் தரையில் பரப்பி எடுத்த படம் ஆகியவற்றைச் சேருங்கள். மேனிஃபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் நுழைவதையும் படமெடுங்கள். ஒரு நட்டைக்கூட வண்டியில் முடுக்காதீர்கள்; பூட்டிய தடம் விழுந்துவிட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகும். கார்டில் பணம் கட்டியிருந்தால், கெடு முடிவதற்குள் வங்கியில் புகார் பதியுங்கள்.

இந்த வியாபாரத்தில் எனக்குத் தீராத கோபம் இதில்தான். பளபளப்பாகப் படமெடுக்க வசதியான பாகங்களைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். எஞ்சினைக் காப்பாற்றுகிற பாகங்களை வாங்குபவரே தேடிக்கொள்ள விட்டுவிடுகிறார்கள். டர்போ கெடுவதும் எஞ்சின் போவதும் பெரும்பாலும் அந்த விடுபட்ட பாகங்களால்தான். ஆகவே பணம் கட்டும் முன் பாகப் பட்டியலை எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய்களை வெல்டு வைத்துச் செய்தது கரடுமுரடான பாதைக்கு ஆகாது. டர்போவின் எடை, சூடு, அதிர்வு மூன்றும் சேர்ந்து வெல்டு ஓரத்தில் விரிசல் விழவைக்கும். டர்போ உட்காரும் இடத்துக்கு உலோகக் கேஸ்கெட், புதிய ஸ்டட், சூட்டில் தளராத லாக் நட்டு வேண்டும். ஆயில் உள்ளே போக, வெளியே எஃகுப் பின்னலும் உள்ளே டெஃப்லானும் கொண்ட லைன்; ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் பூட்ட டி-இணைப்பு. ஆயில் திரும்பி வர டிரெய்ன் ஃபிளாஞ்ச், ஹோஸ், சம்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) பொருத்தும் முனை. இந்த ஹோஸுக்குச் சாதாரண சிலிக்கான் கூடாது, சூடான ஆயில் பட்டால் அது ஊறி மென்மையாகிவிடும்.

எக்ஸாஸ்ட் பக்கம் டர்போவிலிருந்து இறங்கும் பைப், 4 லிட்டர் அளவு எஞ்சினுக்கு 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. இருக்க வேண்டும். அதில் நெகிழும் இணைப்பு ஒன்றும், கியர்பாக்ஸோடு பிடிக்கும் பிராக்கெட் ஒன்றும் அவசியம். இல்லாவிட்டால் பைப்பின் எடை முழுவதும் டர்போவில் தொங்கும். பிரேக் பைப், கிளட்ச் ஹோஸ், வயரிங் பக்கம் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். சூட்டை அளக்கும் பைரோமீட்டர், பூஸ்ட் மீட்டர் இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும்.

கடைசியாக வாரண்டி நிபந்தனை. "அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் பூட்டினால் மட்டும்" என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, விளம்பரத்தில் "வீட்டிலேயே பூட்டலாம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. இந்த இரண்டு வரிகளையும் வாங்கும் முன்பே படமெடுத்து வையுங்கள்.

கே: கிட் பூட்டியதிலிருந்து ஐடிலில் நீலப் புகை. டர்போ பழுது என்று மெக்கானிக் சொன்னதால் இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே புகை. இரண்டுமே மட்டமான சரக்கா?

ப: இரண்டாவது டர்போவுக்குச் செலவழிக்க வைத்தது வருத்தமான விஷயம். புது டர்போ இரண்டும் அடுத்தடுத்து ஒரே மாதிரி புகைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் திரும்பும் வழியைத்தான்.

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அந்த அழுத்தம் இல்லை. காற்று கலந்து நுரையாக, தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. வழி குறுகினால் ஆயில் தேங்கி, டர்பைன் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) பக்க சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் கசிந்து நீலமாக எரியும். டர்போ சீல் ஆயில் தேக்கத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

டிரெய்னின் உள்விட்டம் குறைந்தது 13 மி.மீ.; 16 முதல் 19 வரை இருந்தால் நிம்மதி. டர்போவின் ஆயில் வெளிவாய் நேர் கீழே பார்க்க வேண்டும், சாய்ந்தால் 35 டிகிரிக்குள். ஹோஸ் எந்த இடத்திலும் மேலேறக் கூடாது, மடங்கித் தொங்கவும் கூடாது. சம்பில் நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஏறும் வண்டி. சமதளத்தில் மட்டத்துக்கு மேலே இருக்கும் துளை சரிவில் ஆயிலுக்குள் மூழ்கும். அதனால் சம்பில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே வையுங்கள்.

சோதிக்க ஒரு வழி: சம்பு முனையை அடைத்துவிட்டு, டிரெய்ன் ஹோஸை ஒரு வாளியில் விட்டு, எஞ்சினைச் சிறிது நேரம் ஐடிலில் ஓட்டுங்கள், ஆயில் அளவில் கண் இருக்கட்டும். புகை குறைந்தால் பிரச்சினை சம்பு பக்கம்தான். அடுத்து பிரீதர் ஹோஸை, அதாவது எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் ஹோஸை, பாருங்கள். அது இன்டேக் மேனிஃபோல்டிலேயே இன்னும் பொருத்தியிருந்தால் பூஸ்ட் நேராக எஞ்சின் அடிவயிற்றுக்குள் போய் ஆயிலை இறங்கவிடாமல் தடுக்கும். அதை கம்ப்ரசருக்கு (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கத்துக்கு) முன்னால், ஆயில் பிடிக்கும் டப்பா வழியாக மாற்றுங்கள். ஆயில் ஃபிளாஞ்சில் யாராவது சிலிக்கான் பேஸ்ட் தடவியிருந்தால் கழற்றிச் சுரண்டிவிடுங்கள். பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் ஆயில் துளையை அடைக்கும்.

முதல் டர்போவைத் தூக்கிப் போடாதீர்கள். அது நன்றாகவே இருக்கலாம்.

கே: பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று உள்ளே திருப்பினேன். அருமையான பிக்கப். கறுப்புப் புகை கொஞ்சம் வருகிறது. மீட்டர் எதுவும் போடவில்லை. தொடரலாமா?

ப: இன்றே ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். கறுப்புப் புகை என்பது காற்று போதாமல் முழுதாக எரியாத டீசல். டீசல் எஞ்சினில் எரிபொருள் கூடக்கூடச் சூடு ஏறும். நீண்ட ஏற்றத்தில் சுமையோடு போனால் பிஸ்டனின் தலை உருகும், இல்லையென்றால் ஹெட் வெடிக்கும். டொயோட்டா லேண்ட் க்ரூஸரின் 1எச்இசட் போன்ற எஞ்சின்களில், எரிதல் தொடங்கும் சிறு முன்னறைப் பகுதியில் விரிசல் விழுவது பலரும் அறிந்த குறை. அது 22.4:1 கம்ப்ரஷன் விகிதத்தோடு (காற்றை 22.4-இல் ஒரு பங்காகச் சுருக்கும்), டர்போ இல்லாமல் ஓடச் செய்த எஞ்சின். அதே குடும்பத்தில் தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த 1எச்டி-டி எஞ்சினுக்கு 18.6:1 வைத்தார்கள். அந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

மீட்டர் பூட்டிய பிறகு, எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் இல்லாமல் ஸ்க்ரூவில் கை வைப்பதைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

கே: பைரோமீட்டர் அவசியமா? எங்கே பொருத்துவது? எத்தனை டிகிரி வரை போகலாம்?

ப: டர்போவுக்கு முன்பே வாங்க வேண்டியது அதுதான். கே வகை தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் முனை) கொண்டது வாங்குங்கள். உணர்முனை மேனிஃபோல்டில், எல்லாச் சிலிண்டரின் வழியும் கூடும் இடத்தில், டர்பைனுக்கு முன்னால் இருக்க வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் வைத்தால் முழுச் சுமையில் 100 முதல் 200 டிகிரி வரை குறைத்துக் காட்டும், எஞ்சின் வேகும்போது மீட்டர் அமைதியாக இருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத் துளையிடுங்கள். இரும்புத் துகள் ஒன்று டர்பைனுக்குள் போனாலும் இறக்கை போய்விடும்.

பழைய டீசலுக்குத் தொடர்ந்து 650 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள், சில வினாடிகளுக்கு 700. அதற்கு மேல் ஏறினால் காலை எடுங்கள், கியரைக் குறையுங்கள்.

நான் மலிவாக வாங்கிய ஒரு மீட்டர் கொதிக்கும் தண்ணீரில் 82 டிகிரி காட்டியது. வாங்கியதும் உணர்முனையைக் கொதிநீரிலும் பனிக்கட்டி கலந்த தண்ணீரிலும் வைத்து, 100-க்கும் 0-க்கும் அருகே காட்டுகிறதா என்று பாருங்கள். தவறாகக் காட்டுகிற மீட்டர், மீட்டரே இல்லாததைவிட ஆபத்தானது.

கே: பழைய பாகக் கடையில் ஒரு டர்போ கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது? என் 4.2 லிட்டர் எஞ்சினுக்கு எந்த அளவு பொருந்தும்?

ப: தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள், அசைவு கையில் உணர முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். பக்கவாட்டில் சற்று ஆடும். ஆயில் இல்லாத புஷ் பேரிங்கில் அது இயல்பு. ஆடும்போது இறக்கை சுவரைத் தொட்டால் வேண்டாம். இறக்கை நுனிகளில் நெளிவோ உடைவோ இருந்தால் வேண்டாம். டர்பைன் கூட்டை டார்ச் அடித்து, வேஸ்ட்கேட் (பூஸ்ட் மீறாமல், மிஞ்சிய எக்ஸாஸ்டை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு) துளையைச் சுற்றி விரிசல் தேடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த கூட்டை நம்பாதீர்கள். எனக்கு விற்ற ஒன்றில் பெயின்டைச் சுரண்டியபோதுதான் விரிசல் தெரிந்தது. பெரிய நிறுவனங்களின் பெயர் பொறித்த போலிகளும் உண்டு. தகட்டில் உள்ள பாக எண்ணையும் வரிசை எண்ணையும் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 4.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுப்பதால், நிமிடத்துக்கு 7,980 லிட்டர். நிரம்பும் திறனை 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 6,800 லிட்டர், எடையில் 8 கிலோ. 0.6 பார் (அழுத்த அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்) பூஸ்டில் காற்று சூடாவதையும் கழித்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.33 மடங்கு. ஆக நிமிடத்துக்கு 10.5 கிலோ, அதாவது 23 பவுண்டு. டர்போ நிறுவனம் தரும் கம்ப்ரசர் வரைபடத்தில் அழுத்த விகிதம் 1.6 (வெளிக்காற்று 1, பூஸ்ட் 0.6), ஓட்டம் 23 என்ற புள்ளி, திறன் அதிகமுள்ள நடுத்தீவுக்குள்ளோ அதன் பக்கத்திலோ விழ வேண்டும். பெரிய டர்போ வேண்டாம். பாறையில் ஏறும்போது உங்களுக்கு இழுவை வேண்டியது 1,500 சுற்றில்.

கே: இன்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) வேண்டுமா?

ப: 0.5 பார் வரை இல்லாமல் ஓட்டலாம். 0.6-இல் 30 டிகிரிக் காற்று 90 டிகிரிக்கு அருகே சூடாகிவிடும். 0.7-ஐத் தாண்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம்.

கே: 0.5-க்கு அமைத்த பூஸ்ட் திடீரென்று 1.2 காட்டுகிறது.

ப: வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு ஹோஸ் கழன்றிருக்கும் அல்லது வெடித்திருக்கும். அதைச் சரி செய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கே: என் வண்டி கார்புரேட்டர் பெட்ரோல். டீசலுக்கான கிட் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

ப: கூடாது. பெட்ரோலில் எல்லாமே தலைகீழ்: எரிபொருள் குறைந்தால்தான் சூடேறும், கூடவே நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துப் பற்றுவது) வந்து பிஸ்டனை உடைக்கும். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் அறைக்கும் பூஸ்ட் போக வேண்டும், இக்னிஷன் டைமிங் பூஸ்டின் ஒவ்வொரு பிஎஸ்ஐ-க்கும் (1 பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ) ஏறக்குறைய 1 டிகிரி பின்வாங்க வேண்டும். அதற்கென்றே செய்த கிட் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கே: எல்லாம் பூட்டியாகிவிட்டது. நாளை ஸ்டார்ட் செய்யப் போகிறேன்.

ப: புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். ஆயில் உள்வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டு லைனைப் பூட்டுங்கள். டீசல் நிறுத்தும் சோலினாய்டின் வயரைக் கழற்றி, எஞ்சின் பற்றாதபடி செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் 10 வினாடி, இடையில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். டிரெய்னைச் சற்று தளர்த்தி, அதில் ஆயில் வரும்வரை தொடருங்கள். பிறகு வயரைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலில் விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும், மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.