இரு பக்க சோலார் பேனல்: தரையின் வெளுப்பு எவ்வளவு மின்சாரம் தரும்?

கேள்வி: மொட்டைமாடியில் 5 கிலோவாட் பைஃபேஷியல் (இரு பக்கமும் மின்சாரம் தரும்) பேனல் இருக்கிறது. தளத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் யூனிட் கூடுமா?

கூடும். ஆனால் பேனல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதவில்லையே, கணக்கே அதில்தான் இருக்கிறது. விழும் வெயிலில் தரை திருப்பியனுப்பும் பங்குக்கு ஆல்பிடோ என்று பெயர். பழைய சிமென்ட் தளத்துக்கு இது 0.2 முதல் 0.3 வரை, புதிதாக கூல் ரூஃப் பெயின்ட் அடித்த தளத்துக்கு 0.7 வரை வரும். பேனலின் கீழ் விளிம்பு 1 மீட்டர் உயரத்தில், வரிசைகள் தள்ளித்தள்ளி இருந்தால், பின்பக்கத்திலிருந்து கூடுதலாக சிமென்ட் தளத்தில் தோராயமாக 5–7 சதவீதமும் வெள்ளைத் தளத்தில் 12–15 சதவீதமும் கிடைக்கும். நாளுக்கு 20 யூனிட் தரும் அமைப்பில் வித்தியாசம் ஒன்றரை யூனிட்.

உயரம் 15 சென்டிமீட்டர்தான் என்றால் பெயின்ட் வாங்க வேண்டாம். பேனலின் முதுகு தன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்; நிழலில் கிடக்கும் வெள்ளைக்குத் திருப்பியனுப்ப ஒளி ஏது? பேனலுக்கு நேர் கீழே மட்டும் அடித்துவிட்டு நிறுத்துவதும் இதனால்தான் தவறு. வரிசைகளுக்கு நடுவிலும், சுற்றிலும் ஒன்றரை மீட்டர் வரையிலும் வெயில் படும் இடத்துக்கு அடியுங்கள். தூசியும் பாசியும் படிந்தால் 0.7 என்பது 0.5க்கு இறங்கிவிடும். பேனல் கழுவும்போது தளத்தையும் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தினால்?

பின்பக்க ஆதாயம் கிட்டத்தட்ட இல்லை. அதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் புல்லை வெட்டிவிட்டு ஜல்லி கொட்டலாமா?

வெள்ளை ஜல்லி என்றால் பலன் உண்டு. கருங்கல் ஜல்லி என்றால் நஷ்டம். புல் கண்ணுக்குத்தான் இருட்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது நன்றாகவே திருப்பியனுப்பும். சிலிக்கான் செல் 1100 நானோமீட்டர் வரை அதை வாங்கிக்கொள்ளும். லக்ஸ் மீட்டரை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பிடித்து ஆல்பிடோ பார்ப்பவர்கள் புல்லில் ஏமாறுவதும் இங்கேதான். அகச்சிவப்பை அந்த மீட்டர் கணக்கில் எடுப்பதில்லை. அளப்பதென்றால் அகச்சிவப்பையும் சேர்த்து வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் வேண்டும். மண் ஈரமானால் ஆல்பிடோ குறையும், மழைநாள் அளவை நம்பாதீர்கள்.

கேள்வி: உயரமும் இருக்கிறது, வெள்ளைத் தளமும் இருக்கிறது. ஆனாலும் கூடவில்லையே?

பேனலுக்கு அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். பேனலைத் தாங்கிக் குறுக்கே ஓடும் ரெயில் (உலோகச் சட்டம்) செல்களை மறைக்கிறதா, கேபிள் தொங்குகிறதா? ரெயில் பேனல் விளிம்பையொட்டி அல்லது இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் வர வேண்டும். பேனலில் உள்ள செல்லின் வகையையும் பாருங்கள்: பின்பக்கத் திறன் பெர்க் வகையில் முன்பக்கத்தில் 70 சதவீத அளவு, டாப்கான் வகையில் 80.

கேள்வி: இன்வெர்ட்டர் மாற்ற வேண்டுமா?

பின் ஒளியால் வோல்டேஜ் அவ்வளவாக ஏறாது, கரன்ட்தான் ஏறும். 14 ஆம்பியர் பேனல் வெள்ளைத் தளத்தில் 16ஐத் தொடலாம். 12.5 ஆம்பியருக்கு மேல் வாங்காத பழைய இன்வெர்ட்டரில், மத்தியான வெயிலில் மேலே வருவதெல்லாம் வெட்டுப்படும். அதற்குப் பெயின்ட் அடித்து என்ன பயன்? ஃப்யூஸை பேனல் லேபிளில் உள்ள அதிகபட்ச அளவைத் தாண்டாமல் போடுங்கள். 15 ஆம்பியர் போட்டால் அடிக்கடி போகும்.