யாழ்ப்பாணத்தில வாற மாரிக்கு எந்தப் பாரம்பரியத் தக்காளி வைக்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: கனடாவில இருக்கிற சொந்தக்காரர் பிராண்டிவைன், செரோக்கி பேர்ப்பிள், பிளாக் கிரிம் எண்டு பாரம்பரியத் தக்காளி (எடுத்து வைச்ச விதையிலயும் அதே பழம் வாற பழைய இனங்கள்) விதையள் கொண்டு வாறதாச் சொல்லுகினம், எங்கட வீட்டுத்தோட்டத்துக்கு இதில எது சரிவரும் எண்டு. கடைசியில ஒரு வரி போட்டிருக்கிறியள், "எங்கட மண்ணுக்கு உதெல்லாம் வருமோ தெரியேல்லை" எண்டு. அந்த வரியைப் பார்த்துத்தான் நான் எழுத வந்தனான். தயவுசெய்து மண்ணில பழி போடாதேங்கோ, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

நீங்கள் எந்தப் பக்கம் எண்டு எழுதேல்லை. கோண்டாவில், இணுவில், உரும்பிராய் மாதிரி ஒரு செம்மண் காணி, வீட்டுக்குப் பின்னால ஒரு பரப்போ அரைப் பரப்போ, கிணறும் மோட்டரும் இருக்கெண்டு நினைச்சுத்தான் எழுதுறன். தீவுப் பக்கம் எண்டால் முதல் கிணத்துத் தண்ணியை வாயில விட்டுப் பாருங்கோ, உவர்ப்பு எண்டால் இனத்தைப் பற்றி யோசிக்கிறதுக்கு முதல் தண்ணியைப் பற்றித்தான் யோசிக்க வேணும். நான் விவசாயம் படிச்ச ஆள் இல்லை, தோட்டக்காரற்ற மகள், இப்பவும் தோட்டத்திலதான் நிக்கிறன். விவசாயப் போதனாசிரியர் ஆராவது வாசிச்சால் கூடுதலா எழுதுங்கோ, நான் கோவிக்க மாட்டன்.

என்ர அண்ணான்ர மகன் ரொறன்ரோவில பிறந்து வளந்த பிள்ளை, வீடு திருத்துறதுக்கு இஞ்ச வந்து கன மாசம் நிண்டவன். நல்ல பிள்ளை, தோட்டத்தில உண்மையான விருப்பம். வரேக்கையே பிராண்டிவைன் விதை வைச்சிருந்தவன், ஆனா வீட்டு வேலையள் முடிஞ்சு தைப்பொங்கலுக்குப் பிறகுதான் நாற்றுமேடை போட்டவன். நான் அப்பவே சொன்னனான், தம்பி இது பூக்கேக்க பங்குனி கடந்திடும், அடுத்த மாரி வரைக்கும் வை எண்டு. அவன் கேக்கேல்லை, அங்க வெய்யில் வந்த உடன தானே மாமி நடுறது எண்டான். கண்டு என்ன வளர்த்தி தெரியுமே, என்னை விட உயரம், இலை எல்லாம் உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமா, பச்சைக் கட்டியா நிண்டுது, தெருவால போறவையும் நிண்டு பார்த்திட்டுத்தான் போனவை. பூவும் குறைவில்லை. ஆனா பூக்காம்பின்ர நடுவில சின்ன முட்டு ஒண்டு இருக்கும் பாருங்கோ, விரல் மூட்டு மாதிரி, அந்த இடம் முதல் மஞ்சளாகும், அடுத்த நாள் காலமை விரல் பட்டாலே அந்த முட்டோட கழண்டு பூ விழும். ஒவ்வொரு நாள் காலமையும் பாத்தி முழுக்க மஞ்சள் பூ. அந்தப் பெரிய கண்டுகளில தங்கினது விரல் விட்டு எண்ணக்கூடிய காய்தான், அதுவும் அடியில கறுத்துப் போச்சு.

அவன் என்ன செய்தான், குடும்ப வட்ஸ்அப் குறூப்பில படத்தைப் போட்டு, மாமியின்ர மண்ணில சத்தில்லை எண்டு எழுதிப் போட்டான். லண்டன், பாரிஸ் எண்டு எல்லாரும் வந்து யாழ்ப்பாண மண் செத்துப்போச்சு, பசளை போட்டுப் போட்டு நாசமாக்கிப் போட்டினம் எண்டு ஆளாளுக்குக் கதை. எனக்கு வந்த கோவம் இண்டைக்கும் முழுசா ஆறேல்லை. என்ர அப்பா மாட்டெருவும் பூவரசங் குழையும் போட்டுப் போட்டு ஆக்கின மண் அது. அதே வரம்புக்கு அங்கால என்ர தக்காளி அந்த வருசமும் கொத்துக் கொத்தாக் காய்ச்சு முடிஞ்சு, நான் விதைக்கும் எடுத்து வைச்சிட்டன். ஒரே மண், ஒரே கிணறு, ஒரே எரு.

பிழை இரவுச் சூட்டில. தக்காளி பூத்துக் காய் கட்டுறதுக்கு இரவு குளிர வேணும். பிராண்டிவைன் மாதிரிப் பெரிய பழம் காய்க்கிற இனங்களுக்கு இரவு 21, 24 பாகைக்கு மேல போகப் போக மகரந்தம் கெடும், பகல் 32 பாகைக்கு மேல தொடர்ந்து போனால் இன்னும் மோசம். எங்கட ஊரில மார்கழி, தை விடியப்புறம்தான் 22, 23க்கு இறங்கும். சித்திரை, வைகாசியில நடுச்சாமத்திலயும் 27க்குக் கிட்ட நிக்கும். அதுக்குள்ள அந்த இனங்கள் நட்டதில இருந்து பழம் ஆய 80 தொடக்கம் 100 நாள் கேக்கும். தைப்பொங்கலுக்குப் பிறகு நாற்றுப் போட்டால் பூ அந்தச் சூட்டுக்குள்ளதான் மாட்டும், இனி ஒரு கணக்கு வேணுமே? பசுமைக்குடில் போட்டால் வரும்தானே எண்டு ஆராவது எழுத வருவினம், பொலித்தீன் குடிலுக்குள்ள பகல் வெளியை விடக் கொதிக்கும், மழைக்கு உதவும், சூட்டுக்கு உதவாது.

காய் அடியில கறுக்கிறதுக்கும் அண்ணான்ர மகன் சுண்ணாம்பு போடச் சொன்னவன். அது கல்சியம் பழத்துக்குப் போய்ச் சேராததால வாறது, அது மெய். ஆனா எங்கட செம்மண்ணுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, கிணத்துத் தண்ணி கொதிக்க வைச்சால் கேத்திலில வெள்ளைப் படை கட்டுது, இன்னும் என்ன சுண்ணாம்பு? தண்ணியோடதான் கல்சியம் பழத்துக்கு ஏறும், நீங்கள் ரெண்டு நாள் காயவிட்டு மூண்டாம் நாள் வெள்ளமா இறைச்சால் ஏறாது. அளவா, ஒழுங்கா விடுங்கோ, அடியில வைக்கலோ காஞ்ச பனையோலையோ பரவி விடுங்கோ. ரோமா, சான் மர்சானோ மாதிரி நீட்டுப் பழங்களுக்கு இந்தக் கறுப்பு கூட வரும், அதையும் யோசிச்சு வையுங்கோ.

எண்டபடியால் முதல் காலத்தைப் பிடியுங்கோ, பிறகுதான் இனம். நான் ஐப்பசிக் கடைசி, கார்த்திகை முதல் வாக்கில நாற்றுமேடை போடுறன், மேல கிடுகுப் பந்தலும் சுத்தி நெருக்கமான பூச்சி வலையும். வலை ஏன் எண்டால் வெள்ளை ஈ கடிச்சுத்தான் இலைச்சுருள் வைரஸ் வாறது, சின்னக் கண்டில வந்தால் அந்தக் கண்டு பிறகு காய்க்கவே காய்க்காது. மூண்டு நாலு கிழமையில, பெரிய அடைமழை ஓயுற நேரம் பார்த்து மேட்டுப் பாத்தியில நடுறன், வரிசைக்கு வரிசை ரெண்டரை அடி, கண்டுக்குக் கண்டு ஒண்டரை அடி. பூ தையில வரும், பழம் மாசி, பங்குனியில. பங்குனி வெய்யிலில 30 பாகைக்கு மேல பழத்தில சிவப்பு வடிவா ஏறாது, செம்மஞ்சளா நிக்கும், நிறம் மாறத் தொடங்கின உடன ஆஞ்சு நிழலில பழுக்க வையுங்கோ. கத்தரி, மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு நிண்ட துண்டில வைக்காதேங்கோ, எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வருத்தம். வெங்காயம் கிண்டின துண்டு நல்லது. சுருட்டுப் பத்தினவர் கை கழுவாமல் கண்டைத் தொட விடாதேங்கோ, புகையிலையில இருக்கிற மொசைக் வைரஸ் கையால தொத்தும், எங்கட வீட்டில அப்பாவே சுருட்டை வைச்சிட்டு சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் நாற்றுமேடைக்குள்ள வருவார்.

இப்ப இனம். பாரம்பரியம் எண்டால் வெளிநாட்டு விதைப் பக்கெற்றில வடிவான படத்தோட வாறது மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. மார்க்லோப் எண்டு இஞ்ச கன காலமாப் பழகின பேர் ஒண்டு இருக்கு, அது அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1925ல வெளியிட்ட இனம், வாடல் நோயைத் தாங்கத் தெரிவு செய்தது, நூறு வருசமாகுது. அது ஆராய்ச்சி நிலையத்தில உருவாக்கினது, பாரம்பரியம் இல்லை எண்டு சண்டைக்கு வாறவை வரட்டும். கலப்பின விதை இல்லை, எடுத்து வைச்ச விதையில அதே பழம் திருப்பி வரும், எனக்கு அது காணும். ரோமாவும் அப்பிடித்தான், அது 1955. எங்கட விவசாயத் திணைக்களத்தின்ர திலின எண்ட இனத்திலயும் விதை எடுத்து வைக்கலாம், முதல் முதல் வைக்கிற ஆள் எண்டால் கட்டாயம் அதில கொஞ்சம் வையுங்கோ, வீட்டுக் கறிக்குப் பழம் இருக்கும்.

வெளிநாட்டு விதைதான் வேணும் எண்டால் சின்னப் பழம் காய்க்கிறதாப் பாருங்கோ. யெலோ பியர் எண்டு மஞ்சளாப் பேரிக்காய் வடிவில சின்னது ஒண்டு, பழைய இனம், பூ அவ்வளவு உதிராது. சூட்டுக்கெண்டு பார்த்தால் புளோரிடாவில உருவான ஹோம்ஸ்டெட், ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தின்ர ஆர்கன்சோ ட்ரவலர், ரெண்டும் வெக்கையான இடத்துக்கெண்டு தெரிவு செய்தது. செரோக்கி பேர்ப்பிள் ருசி எண்டால் ருசிதான், கிரெய்க் லெஹூலியர் எண்டவருக்கு 1990ல டெனசியில இருந்து தபாலில வந்த விதை அது, அவர்தான் அந்தப் பேரை வைச்சவர். அதை ஆசைக்கு ரெண்டு கண்டு வையுங்கோ, ஆனா ஐப்பசி நடுவிலயே நாற்றுப் போட்டு, பூ மார்கழிக் கடைசியில வாற மாதிரிப் பாருங்கோ. பிராண்டிவைனும் அப்பிடித்தான். முழுப் பாத்தியையும் அதுகளுக்குக் குடுக்காதேங்கோ.

இன்னொரு இனம், மோர்ட்கேஜ் லிஃப்டர். 1930களில மேற்கு வேர்ஜினியாவில ரேடியேற்றர் திருத்துற ஒருத்தர் பெரிய பழம் காய்க்கிற இனங்களைக் கலந்து கலந்து உருவாக்கி, கண்டு ஒண்டு ஒரு டொலருக்கு வித்து ஆறு வருசத்தில 6,000 டொலர் வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சவர் எண்டு சொல்லுகினம். எனக்கு அதைக் கேக்கேக்க வயிறு எரியுது. எங்கட சந்தையில 100 கிலோ தக்காளி கொண்டு போனால் 10 கிலோ கழிவு எண்டு வெட்டிப்போட்டு 90 கிலோவுக்குத்தான் காசு. அழுகினதை வீட்டிலயே பொறுக்கி எறிஞ்சிட்டுத்தான் கொண்டு போறம், அதுக்குப் பிறகும் கழிவு. மாசியில எல்லாருக்கும் ஒரேயடியாப் பழுக்கிற நேரம் தம்புள்ளையால லொறியும் வந்து இறங்கும், அப்ப ஆயுற கூலிக்கும் காணாது. கழிவை நிப்பாட்டுவம் எண்டு கூட்டம் போட்டுக் கதைக்கினம், பிறகு பார்த்தால் அதே தராசு, அதே வெட்டு. சொந்த ஊரில, சொந்தச் சந்தையில, எங்கட ஆக்களே எங்களுக்குச் செய்யிறது இது. நீங்கள் வீட்டுக்குத்தானே வைக்கிறியள், உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனா ஒரு வாளி தக்காளி ஆக்க என்ன பாடு எண்டு விளங்கினால் சந்தையில தோட்டக்காரனோட அஞ்சு ரூபாக்குப் பேரம் பேச மாட்டியள்.

சரி, என்ர வீட்டுத் தக்காளி. தட்டையா, சுத்திவர வரி வரியாப் பள்ளம் விழுந்த சின்னப் பழம், தோல் மெல்லிசு, நல்ல புளி. ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் இதைப் போட்டால் பழப்புளி பாதி காணும். அம்மா கலியாணம் கட்டி வரேக்கையே கிணத்தடியில நிண்டதாம். 1995 ஐப்பசியில சண்டையால எங்கட வலிகாமப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும், நாங்களும் ஒரே இரவில சாவகச்சேரிப் பக்கம் போட்டம், விதைப் போத்தலை எடுக்கிற யோசனை ஆருக்கு வரும். அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை. கிணத்துக்கட்டுக்குப் பக்கத்தில மட்டும் தண்ணி வழிஞ்சோடுற இடத்தில, தானா முளைச்சு, மழையில வளர்ந்து, காய்ச்சு, காஞ்சு போன கொடி, அதில சுருங்கிப்போன பழங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டு இருந்தது. நகத்தால பிளந்தால் உள்ள விதை நல்லாவே இருந்தது. ஒருத்தரும் தண்ணி விடேல்லை, ஒருத்தரும் மருந்தடிக்கேல்லை. இண்டைக்கு என்ர பாத்தியில நிக்கிறது அந்தப் பழத்தின்ர வழிதான். இதைப் போன வருசம் இன்னொரு இடத்தில எழுதப்போக, அது காட்டுத் தக்காளி, பேரில்லாத இனம் எண்டு ஒருத்தர் வந்து எழுதினவர். பேர் எழுதின பக்கெற் இல்லைத்தான். உங்கட ஊரிலயும் பழைய வீட்டு அம்மம்மா ஆரிட்டையாவது இப்பிடி ஒண்டு இருக்கும், கனடா விதை வர முதல் அதை விசாரியுங்கோ. நான் சொல்ல வந்ததே இதுதான், எங்கட இரவில காய்க்கப் பழகினது எதுவோ அதுதான் பாத்தியின்ர பெரும்பங்கு, மிச்ச இடம் ஆசைக்கு.

சொந்தக்காரர் சூட்கேசுக்குள்ள சும்மா விதை கொண்டு வாறது சட்டப்படி சரியில்லை, 1999ம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி எடுத்துக் கொண்டு வரச் சொல்லுங்கோ. எல்லாரும் கொண்டு வருகினம்தானே எண்டு சொல்லாதேங்கோ. 2014ல இஸ்ரேலில கண்டுபிடிச்ச பழுப்புச் சுருக்க வைரஸ் ஒண்டு தக்காளி விதையாலயும் பரவுது, இப்ப கன நாட்டில. அது இஞ்ச வந்தால் உங்கட பாத்தியோட நிக்காது.

விதை எடுக்கிறது லேசு. நல்லாக் காய்ச்ச, வருத்தமில்லாத கண்டில, நடுக் கொத்துப் பழம் ரெண்டு மூண்டைக் கண்டிலயே பழுக்க விடுங்கோ. பிழிஞ்சு விதையையும் வழுவழுப்பையும் கிளாசில விட்டு ரெண்டு மூண்டு நாள் மூடி வைச்சால் மேல வெள்ளைப் படை வரும், மணக்கும், பரவாயில்லை, அந்த வழுவழுப்பு கரைஞ்சால்தான் விதை வடிவா முளைக்கும். தண்ணி விட்டுக் கழுவ நல்ல விதை அடியில தங்கும், சப்பி மிதக்கும். பேப்பரில காய விடாதேங்கோ, ஒட்டிப்போடும், பீங்கான் கோப்பையில நிழலில காய விட்டு, சாம்பல் கொஞ்சம் சேர்த்து மூடி இறுக்கமான போத்தலில போடுங்கோ, நாலு வருசம் தாராளமாக் கிடக்கும். வெவ்வேற இனம் வைச்சால் கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கோ, பிராண்டிவைன் மாதிரிப் பெரிய பூக்களில தேனீ கலந்து விடும்.

உங்கட ஊரில விசாரிச்சுக் கிடைக்கேல்லை எண்டால் இதுக்குக் கீழ எழுதுங்கோ, என்ர வரித் தக்காளி விதை தாறன். காசு வேண்டாம். ஆனா ஐப்பசிக்கு முதல் கேளுங்கோ, நாற்றுமேடை போட்ட பிறகு கேட்டால் என்னட்டை மிச்சம் இருக்காது.