மூடினாலும் தண்ணீர் நிற்காத கேட் வால்வு: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: மொட்டை மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் வைத்திருக்கிறோம். அதிலிருந்து இறங்கும் மெயின் லைனில் பித்தளை கேட் வால்வு. பாத்ரூம் குழாய் மாற்றுவதற்காக மூடப் போனால் வீல் சுற்றிக்கொண்டே போகிறது, தண்ணீர் நிற்கவில்லை. வீலுக்கு அடியில் சொட்டவும் செய்கிறது. 14 வருட வால்வு, போர் தண்ணீர். சரிசெய்ய முடியுமா?

பதில்: சொட்டுவது ஒரு கோளாறு, மூடாதது வேறு கோளாறு. சொட்டு மட்டும் என்றால் சின்ன வேலைதான். வீலுக்கு அடியில் ஸ்பிண்டிலை (வீலோடு சேர்ந்து சுற்றும் தண்டு) சுற்றி இருக்கும் கிளாண்ட் நட்டை ஸ்பேனரால் கொஞ்சமே கொஞ்சம், கால் சுற்றுக்கும் குறைவாக, இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் வீல் தடையில்லாமல் சுற்றுகிறது என்றால் உள்ளே மரை போய்விட்டது. கேட் வால்வுக்குள் ஒரு பித்தளைக் கதவு ஸ்பிண்டில் மரையில் ஏறி இறங்கும். வருடக்கணக்கில் திறந்தபடியே விட்டால் உப்பு படிந்து அந்தக் கதவு மேலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் பலம் கொடுத்துத் திருகும்போது மரை அழிந்துவிடும். இப்படிக் கழற்றிய வால்வுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் பொருக்கு, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இதைச் சரிசெய்வதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். (வீல் நன்றாக இறுகியும் தண்ணீர் கசிந்தால் மட்டும், நாலைந்து முறை முழுதாகத் திறந்து மூடுங்கள். அடியில் தங்கிய மண் அடித்துக்கொண்டு போய்விடலாம்.)

புதிதாகப் போடுவது பால் வால்வாக (உள்ளே துளையிட்ட உருண்டை சுற்றித் திறந்து மூடும் வகை) இருக்கட்டும். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் மூடிவிடும். குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். அதே அளவில் வாங்குங்கள், கைப்பிடி திரும்பும்போது சுவரில் இடிக்குமா என்றும் பாருங்கள். கூடவே ஒரு யூனியனும் (நட்டைத் திருகிப் பிரிக்கக்கூடிய இணைப்பு) போடச் சொல்லுங்கள். அடுத்த முறை குழாயை அறுக்காமல் கழற்றலாம்.

முதல் நாளே மோட்டார் போடாமல் டேங்கைக் காலி செய்யுங்கள். தண்ணீர், வெளியேறும் துளைக்குக் கீழே இறங்கினால் போதும். குடிக்க, சமைக்க இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுங்கள்.

கழற்றும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு ரெஞ்சால் வால்வைத் திருகும்போது, இன்னொரு ரெஞ்சால் டேங்க் பக்கத்து நிப்பிளை (மரை போட்ட குட்டைக் குழாய்) அசையாமல் பிடிக்க வேண்டும். ஒருமுறை என்னுடன் வந்த பையன் ஒற்றை ரெஞ்சால் வேகமாகத் திருகினான். நிப்பிளும் சேர்ந்து சுற்றி, டேங்க் சுவரில் விரிசல் விட்டது. வால்வு மாற்றப் போய் டேங்கையே மாற்றும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு ரெஞ்ச் இல்லாமல் மாடி ஏறுவதில்லை.

டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது பிரிந்து வந்துவிடும். யுபிவிசி குழாய்க்கும் சிபிவிசி குழாய்க்கும் சால்வெண்ட் (குழாய் ஒட்டும் பசை) வேறு வேறு. ஒட்டியபின் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, அப்புறம் மோட்டாரைப் போடுங்கள். டேங்க் நிறைந்ததும் ஒவ்வொரு இணைப்பின்மேலும் காய்ந்த செய்தித்தாளை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் ஈரமாகத் தெரியும்.

பால் வால்வைப் பாதி திறந்து வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சீட் (உருண்டையை ஒட்டித் தண்ணீரை அடைக்கும் வளையம்) அரித்துப்போகும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் உப்பு பிடிக்காது. உங்கள் லைன் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருந்தால் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். துருப்பிடித்த மரை, திருகும்போது குழாயோடு உடைந்து வரும், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.